வசதியாகத் தட்டச்சுச் செய்ய மலிவான விசைப்பலகை: தெரிவு செய்யும் முறை

க.பொ.த. (சாதாரண தரம்)
தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
பாடப்பரப்பு: உள்ளீட்டுச் சாதனங்கள்

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,
• விசைப்பலகை இயங்கும் விதத்தை விளக்குவீர்கள்.
• தட்டச்சு வசதியைத் தீர்மானிக்கும் காரணிகளை இனங்காண்பீர்கள்.
• தரப்பட்ட பணத்துக்குள் தேவைக்கேற்ற விசைப்பலகையைக் காரணங்காட்டித் தெரிவு செய்வீர்கள்.
• கடற்கரையோரப் பிரதேசத்தில் அதனைப் பழுதின்றிப் பேணுவீர்கள்.

1. சம்பவக் கற்கை

பின்வரும் சம்பவத்தை முதலில் வாசியுங்கள்.

பருத்தித்துறைக் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கும் தரம் 11 மாணவி ஒருத்தியின் வீட்டில் அண்ணன் பயன்படுத்திய பழைய மேசைக்கணினி ஒன்று உண்டு. அவள் தனது செயற்றிட்ட அறிக்கையைத் தமிழில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் விசைப்பலகையில் ஓ, எல், முற்றுப்புள்ளி ஆகிய மூன்று விசைகளும் ஒன்றாக வேலை செய்யாமற் போயின. அவள் பயன்படுத்துவது பாமினி முறை. அதில் ஓ விசை ‘ழ’ எழுத்தையும் எல் விசை ‘ட’ எழுத்தையும் தரும். எனவே ‘தமிழ்’ என்றோ ‘பாடசாலை’ என்றோ எழுத முடியவில்லை. அறிக்கையை ஒப்படைக்க இரண்டு கிழமைகளே இருந்தன. வீட்டில் வடை சுட்டு விற்கும் தாயார் 2500 ரூபாவை எடுத்துக் கொடுத்து, “இதுக்குள்ள பார்த்து வாங்கு பிள்ளை” என்றார்.

அந்த 2500 ரூபாவை எவ்வாறு செலவிட வேண்டும்? கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவதையா, பளிச்சென்று ஒளிரும் விளக்குள்ளதையா, மிகக் குறைந்த விலையுள்ளதையா வாங்குவது? இப்பாடத்தின் முடிவில் அவளுக்குரிய விடையை நாம் கண்டறிவோம். அதற்கு முன் விசைப்பலகையின் உள்ளே நடப்பதை அறிய வேண்டும்.

2. விசைப்பலகை இயங்கும் விதம்

மலிவான விசைப்பலகைகளில் பெரும்பாலானவை மென்தகட்டு வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒவ்வொரு விசையின் கீழும் சிறிய இறப்பர்க் குமிழ் ஒன்று காணப்படும். குமிழ்களின் கீழே மூன்று மெல்லிய பிளாத்திக்குத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேற்தகட்டிலும் கீழ்த்தகட்டிலும் மின்னைக் கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தகடு அவ்விரண்டையும் பிரித்து வைக்கும். விசைகள் அமையும் இடங்களில் மட்டும் அதில் துளைகள் இருக்கும்.

விசையை அழுத்தும்போது நிகழ்வன:
(அ) குமிழ் அமுங்கி மேற்தகட்டை அழுத்தும்.
(ஆ) நடுத்தகட்டின் துளையினூடாக மேற்கோடும் கீழ்க்கோடும் தொடும்.
(இ) விசைப்பலகையிலுள்ள சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு, எந்த நிரையும் எந்த நிரலும் தொடுகையுற்றன எனக் கண்டறியும்.
(ஈ) அந்த விசைக்குரிய குறியீட்டு எண்ணைக் கணினிக்கு அனுப்பும்.
(உ) பணிசெயல் முறைமை அவ்வெண்ணை எழுத்தாக மாற்றித் திரையிற் காட்டும்.

இதிலிருந்து இரண்டு முக்கியமான உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது: ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியான கம்பி இல்லை. பல விசைகள் ஒரே கடத்திக் கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே ஒரு கோடு அரிக்கப்பட்டால் அக்கோட்டிலுள்ள பல விசைகள் ஒரே நேரத்தில் செயலிழக்கும். எமது மாணவியின் மூன்று விசைகளுக்கும் நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. இது வைரசினால் ஏற்பட்டதன்று. கணினியை மீள நிறுவுவதால் தீராது.

இரண்டாவது: விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணையே அனுப்புகிறது. அந்த எண்ணை ஆங்கில எழுத்தாகவோ தமிழ் எழுத்தாகவோ மாற்றுவது மென்பொருளின் வேலை. எனவே ஆங்கில எழுத்து மட்டும் அச்சிடப்பட்ட விசைப்பலகையிலும் தமிழைத் தடையின்றித் தட்டச்சுச் செய்யலாம்.

3. விசைப்பலகையின் வகைகள்

மென்தகட்டு விசைப்பலகை: விலை குறைவு, ஓசை குறைவு. விசை ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை கீழிறங்கும். சாதாரண மாணவருக்கு இதுவே போதுமானது.

தட்டை விசைப்பலகை: மடிக்கணினியில் உள்ளதைப் போன்றது. விசை 1 முதல் 2 மில்லிமீற்றர் வரையே கீழிறங்கும். மெதுவாக அழுத்துபவர்களுக்கு ஏற்றது. ஓங்கி அழுத்தும் பழக்கமுள்ளவர்களுக்கு விரல் நுனி வலிக்கும்.

பொறிமுறை விசைப்பலகை: ஒவ்வொரு விசைக்கும் தனியான ஆளியும் சுருள்வில்லும் உண்டு. பொதுவாக விசை 4 மில்லிமீற்றர் வரை கீழிறங்கும். அதில் ஏறத்தாழப் பாதித் தூரத்திலேயே எழுத்துப் பதிவாகும். விசையை அடிமட்டம் வரை குத்தத் தேவையில்லை என்பதால் நீண்ட நேரம் தட்டச்சுச் செய்வோர் இதனை விரும்புவர். விலை பல மடங்கு அதிகமாகும்.

பொறிமுறை விசைகள் 5 கோடி முறை அல்லது அதற்கும் கூடுதலாக அழுத்தினாலும் தாங்கும் என உற்பத்தியாளர்கள் குறிப்பிடுவர். மென்தகட்டு வகைக்கு ஐம்பது இலட்சம் முதல் ஒரு கோடி வரை குறிப்பிடப்படுவது வழக்கம். இவ்வேறுபாட்டைக் காட்டிக் கூடிய விலை கேட்கப்படலாம். ஆனால் ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள்.

மாணவர் ஒருவர் ஒரு விசையை நாளொன்றுக்கு 1000 தடவை அழுத்துவதாகக் கொள்வோம்.
ஓர் ஆண்டில் = 1000 × 365 = 365 000 தடவை
50 இலட்சம் தடவை அழுத்த எடுக்கும் காலம் = 5 000 000 ÷ 365 000 ≈ 13.7 ஆண்டுகள்

ஆகவே மலிவான விசைப்பலகையும் மாணவரின் விரலால் தேய்ந்து முடிவதில்லை. அதனை முடிப்பவை உப்புக்காற்று, ஈரம், உணவுத் துகள், தேநீர், இழுபட்ட வடம் ஆகியனவே. இவற்றிலிருந்து விலை உயர்ந்த விசைப்பலகையும் தானாகத் தப்புவதில்லை.

4. தட்டச்சு வசதியைத் தீர்மானிக்கும் காரணிகள்

‘வசதி’ என்பது வெறும் மன உணர்வு அன்று. அதனைப் பின்வருமாறு அளந்தும் தொட்டும் அறியலாம்.

(1) விசைகளுக்கிடையிலான தூரம்
நியம விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் தூரம் இருக்கும். இதனைக் கடையில் அளக்க உங்கள் அடிமட்டமே போதும். கியூ விசையின் இடது ஓரத்திலிருந்து பீ விசையின் இடது ஓரம் வரை அளவுங்கள். இடையில் ஒன்பது விசைத் தூரங்கள் உள்ளன. 9 × 19 = 171 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். 16 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது சுருக்கப்பட்ட விசைப்பலகை. வளர்ந்த மாணவரின் விரல்கள் ஒன்றோடொன்று முட்டும்.

(2) அழுத்த விசை
விசையை அழுத்தத் தேவையான விசை ஏறத்தாழ 50 முதல் 70 கிராம் நிறைக்குச் சமமாக இருப்பது வழக்கம். இதைவிடக் கடினமாயின் சின்ன விரல் விரைவிற் களைக்கும். மிகவும் இலேசாயின் விரலை வைத்தவுடனேயே தேவையற்ற எழுத்து விழும்.

(3) மீளெழுச்சி
அழுத்தி விட்டவுடன் விசை உடனே மேலெழ வேண்டும். சேற்றிற் கால் வைத்தது போல மந்தமாக எழும் விசைகள் வேகத்தைக் குறைக்கும்.

(4) பெரிய விசைகளின் அளவும் இடமும்
மாற்று விசை, நுழைவு விசை, பின்னழி விசை, இடைவெளிச் சட்டம் ஆகியன முழு அளவில் இருக்க வேண்டும். சில மலிவான விசைப்பலகைகளில் இடதுபக்க மாற்று விசை பாதியாகக் குறுக்கப்பட்டிருக்கும். பாமினி முறையில் பல எழுத்துகளுக்கு மாற்று விசை தேவைப்படுவதால் இது பெருந்தொல்லையாகும்.

(5) வழிகாட்டும் மேடுகள்
எஃப், ஜே ஆகிய விசைகளில் சிறு மேடு ஒன்று இருக்கும். கண்ணால் பாராமல் சுட்டுவிரல்களைத் தாய்நிரையில் வைப்பதற்கு இவை உதவும். மேடு தெளிவாகத் தட்டுப்படாத விசைப்பலகையை வாங்க வேண்டாம்.

(6) உயரமும் உறுதியும்
உயரம் குறைந்த விசைப்பலகையில் மணிக்கட்டு நேராக இருக்கும். தட்டச்சுச் செய்யும்போது பலகை ஆடாமலும் வழுக்காமலும் இருக்க வேண்டும். அடியில் இறப்பர்ப் பாதங்கள் நான்கும் உள்ளனவா எனப் பாருங்கள்.

வண்ண விளக்கு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், பளபளப்பான மேற்பரப்பு ஆகியன இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்குக் கொடுக்கும் பணம் விரல்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

5. தமிழும் விசைப்பலகையும்

கியூ, டபிள்யூ, ஈ, ஆர், ரீ, வை என்ற வரிசையில் தொடங்கும் ஆங்கில அமைப்பு, 1874 இல் அமெரிக்காவின் றெமிங்ரன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியின் வழியாகப் பரவியது. தமிழுக்கு ஏற்ற தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி ஆர். முத்தையா ஆவார். அவர் 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து, மலாயாவிற்குச் சென்று அங்கிருந்தவாறே அம்முயற்சியில் வெற்றி கண்டார். ஆங்கிலத்தை விடப் பன்மடங்கு எழுத்துகள் கொண்ட தமிழை, ஆங்கிலப் பொறிக்குரிய சில பத்து விசைகளுள் அடக்குவதே அவர் எதிர்கொண்ட சிக்கலாகும். இன்றைய விசைப்பலகை அமைப்புகளும் இதே சிக்கலுக்குரிய வெவ்வேறு விடைகளே.

இலங்கை மாணவர் அறிந்திருக்க வேண்டியவை:

• ரெங்கநாதன் அமைப்பு: இலங்கையின் 2008 ஆம் ஆண்டுத் தமிழ் நியமமான எஸ்.எல்.எஸ். 1326 உடன் தொடர்புடைய அமைப்பு.
• பாமினி முறை: இலங்கை அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பரவலாக அறியப்பட்டது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த ஆவணத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளே தெரியும். அதே விசை வரிசையைப் பயன்படுத்தி ஒருங்குறியில் எழுத உதவும் மென்பொருள்களும் உண்டு.
• தமிழ்99: 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகளிற் பெரும்பாலானவை வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

அமைப்பு மாறும்போது விரல்களின் வேலையும் மாறும். ‘தமிழ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.
பாமினி: ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி. ஐந்து விசைகளும் வலக்கைக்கே உரியவை.
தமிழ்99: எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். மூன்று வலக்கை, இரண்டு இடக்கை.

இனி இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:
“அம்மா தட்டில் வைத்த பத்துத் தட்டை வடையையும் தம்பி தின்று முடித்தான்.”

இதில் 12 புள்ளிகள் உள்ளன. பாமினி முறையில் புள்ளிக்குரியது அரைப்புள்ளி விசை. அதனை அழுத்துவது வலக்கைச் சின்ன விரல். அதாவது ஒரே வாக்கியத்தில் மிகவும் பலங்குறைந்த விரல் ஒரே விசையை 12 தடவை அழுத்துகிறது. தமிழ்99 விதிகளைப் பின்பற்றும் மென்பொருளில் ‘ம்மா’, ‘த்த’, ‘ம்பி’, ‘ன்று’ போன்ற இடங்களில் புள்ளி தானாகவே விழும். எஞ்சிய 4 புள்ளிகளையே நாம் இட வேண்டும். அதுவும் பலமுள்ள இடக்கைச் சுட்டுவிரலால்.

இதனால் நீங்கள் பழகிய முறையை இன்றே மாற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் பாமினி பழகிய மாணவர் விசைப்பலகை வாங்கும்போது அரைப்புள்ளி விசை இலேசாக இயங்குகிறதா என்பதை முதலிற் சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் தட்டச்சுச் செய்பவர் இதனைக் கவனிக்கவே மாட்டார்.

தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது அவசியமன்று. விசைகளில் ஒட்டும் எழுத்துத் தாள் அல்லது திரையருகே ஒட்டி வைத்த விசைப்பட விளக்கம் போதுமானது. பார்க்காமல் அடிக்கப் பழகிய பின் அதுவும் தேவைப்படாது.

6. இணைக்கும் துறை

பருத்தித்துறை என்ற பெயரிலுள்ள ‘துறை’ கலங்கள் வந்து சேரும் இடத்தைக் குறிக்கும். கணினியின் துறையும் அத்தகையதே. தரவுகள் வந்து சேரும் வாயில் அது.

பி.எஸ்/2 துறை: வட்ட வடிவானது. விசைப்பலகைக்கு ஊதா நிறமும் சுட்டிக்குப் பச்சை நிறமும் வழங்கப்பட்டுள்ளன. கணினி இயங்கும்போது கழற்றி மாட்டக் கூடாது.

யூ.எஸ்.பி. துறை: தட்டையான செவ்வக வடிவானது. கணினி இயங்கும்போதே மாட்டலாம். பொதுவாகத் தனியான மென்பொருள் நிறுவத் தேவையில்லை. ஓ.ரி.ஜி. இணைப்பான் மூலம் அதனை ஏற்கும் கைத்தொலைபேசிக்கும் பொருத்தலாம். வீட்டிற் கணினி இல்லாத மாணவரும் இவ்வழியில் தட்டச்சுப் பழகலாம்.

கம்பியில்லா இணைப்பு: வடம் இல்லாதது வசதியே. ஆயினும் மின்கலச் செலவு தொடரும். சிறிய வாங்கி தொலைந்தால் விசைப்பலகையே பயனற்றுப் போகலாம். மேசையில் நிலையாக இருக்கும் கணினிக்கு இது அவசியமில்லை.

கடைக்குச் செல்லுமுன் கணினியின் பின்பக்கத்தைப் படம் பிடித்துக் கொண்டு செல்லுங்கள்.

7. கடையிற் செய்ய வேண்டிய ஐந்து நிமிடச் சோதனை

நெல்லியடியில் வாங்கினாலும் யாழ்ப்பாண நகரில் வாங்கினாலும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் அனுமதிப்பர்.

படி 1: சமமான மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்துக. ஆடினால் விலக்குக.
படி 2: கியூ முதல் பீ வரையுள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளக்க.
படி 3: கண்ணை மூடி எஃப், ஜே மேடுகளை விரலாற் காண்க.
படி 4: இடைவெளிச் சட்டத்தை இடது ஓரம், நடு, வலது ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் அழுத்துக. மூன்றிலும் ஒரே மாதிரி இயங்க வேண்டும்.
படி 5: மாற்று, நுழைவு, பின்னழி விசைகளை ஓரங்களில் அழுத்துக. சிக்கினால் விலக்குக.
படி 6: இரு சின்ன விரல்களாலும் ஏ, அரைப்புள்ளி விசைகளை இருபது தடவை அழுத்துக. விரல் களைக்கிறதா எனக் கவனிக்க.
படி 7: கடையிலுள்ள கணினியிற் பொருத்தி எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க. பின் மேலே தந்த வடை வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்க.
படி 8: வடம் பலகையினுள் நுழையும் இடத்தில் இறப்பர்க் காப்பு உண்டா எனவும் வடத்தின் நீளம் போதுமா எனவும் பார்க்க.
படி 9: திகதியிட்ட பற்றுச்சீட்டையும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்திற் பெறுக.

8. செய்துகாட்டிய உதாரணம்

மாணவியின் முன் நான்கு விசைப்பலகைகள் உள்ளன எனக் கொள்வோம். (விலைகள் கணிப்புக்காக மட்டும் தரப்பட்டவை.)

அ: புதிய மென்தகட்டு வகை, யூ.எஸ்.பி., முழு அளவு, ஓர் ஆண்டு உத்தரவாதம். விலை ரூ. 1600.
ஆ: கம்பியில்லாச் சிறிய வகை, கியூ முதல் பீ வரை 15 சென்ரிமீற்றர், இரு மின்கலங்கள் தேவை. விலை ரூ. 2400.
இ: வண்ண விளக்குள்ள பொறிமுறை வகை. விலை ரூ. 9500.
ஈ: பழைய மென்தகட்டு வகை, பி.எஸ்/2, எஃப், ஜே மேடுகள் தேய்ந்துள்ளன, உத்தரவாதம் இல்லை. விலை ரூ. 500.

‘இ’ தரமானதாயினும் பணத்தெல்லையைத் தாண்டுகிறது. ‘ஈ’ மலிவானது, ஆனால் மேடுகள் இல்லை, உத்தரவாதமும் இல்லை. இன்னொரு கணினிக்கு மாற்றும்போது வட்டத் துறை இல்லாமற் போகலாம். ‘அ’, ‘ஆ’ இரண்டையும் இரண்டு ஆண்டுச் செலவில் ஒப்பிடுவோம். மின்கலம் ஒன்று ரூ. 150 எனவும் சோடி மூன்று மாதத்துக்குப் போதும் எனவும் கொள்க.

‘ஆ’ இன் மின்கலச் செலவு = 2 × 150 × 8 = ரூ. 2400
‘ஆ’ இன் மொத்தச் செலவு = 2400 + 2400 = ரூ. 4800
‘அ’ இன் மொத்தச் செலவு = 1600 + எழுத்து ஒட்டுத்தாள் 200 = ரூ. 1800

எனவே பொருத்தமானது ‘அ’ ஆகும். அளவு சரியானது, செலவு குறைவு, பழுதானால் மாற்றலாம். தாயார் கொடுத்த பணத்தில் ரூ. 700 மீதியாகும். கொள்விலையை மட்டும் பார்த்தால் ‘ஈ’ வெல்லும். பயன்படுத்தும் காலம் முழுவதையும் பார்த்தால் ‘அ’ வெல்லும். பரீட்சையில் இவ்வேறுபாட்டை எழுதும் மாணவருக்கே முழுப் புள்ளி கிடைக்கும்.

9. அமரும் முறை

நல்ல விசைப்பலகையையும் தவறான இருக்கை கெடுத்துவிடும். நீண்ட நாள் தவறாகத் தட்டச்சுச் செய்வதால் மணிக்கட்டு, தோள், கழுத்து ஆகியவற்றில் வலி ஏற்படலாம். ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்வதால் ஏற்படும் இவ்வகை உபாதைகள் பாடத்திட்டத்திலும் இடம்பெறுகின்றன.

• முழங்கை ஏறத்தாழ 90 பாகை மடிந்திருக்க வேண்டும். முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.
• சாப்பாட்டு மேசை பெரும்பாலும் உயரமானது. கதிரையில் தலையணை ஒன்றை வைத்து உயருங்கள். கால் தரையை எட்டாவிட்டால் பலகைத் துண்டு ஒன்றின்மேல் பாதங்களை வையுங்கள். இதற்குச் செலவு இல்லை.
• விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். அவற்றை மடித்தே வைத்திருங்கள்.
• அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து, விரல்களை விரித்து மடக்குங்கள்.
• விரல் விறைப்போ வலியோ தொடர்ந்தால் பெற்றோரிடம் கூறி வைத்தியரை நாடுங்கள்.

10. கடற்கரையோரத்திற் பராமரிப்பு

வடமராட்சியின் வடகரையிற் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் வீட்டினுள் கொண்டுவரும். சோளகக் காலத்திற் புழுதி சேரும். வாடைக்காற்றுடன் மழை தொடங்கினால் ஈரம் கூடும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் மென்தகட்டின் கடத்திக் கோடுகளை அரிக்கும். இடைவெளிச் சட்டத்தின் கீழுள்ள கம்பி இரும்பாயின் துருப்பிடிக்கும். சட்டம் இறுகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

• கடற்பக்க யன்னலுக்கு நேரே கணினியை வைக்க வேண்டாம்.
• வேலை முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மூடுக. ஈரத்துடன் பொலித்தீனால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும்.
• கிழமைக்கு ஒருமுறை இணைப்பைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டி, உலர்ந்த பழைய பற்தூரிகையால் விசை இடுக்குகளைத் துடைக்க.
• விசைப்பலகைக்கு மேலே வடை கடிக்க வேண்டாம். எங்கள் ஊர்த் தட்டை வடையின் மொறுமொறுப்பான துகள்கள் விசையின் கீழ்ப் போனால் விசை முழுதாக அமுங்காது; எண்ணெய்ப் பிசுக்கு எறும்பையும் அழைக்கும்.
• தேநீர் ஊற்றுப்பட்டால் உடனே இணைப்பைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க. சீனித் தேநீர் காய்ந்தபின் விசைகளை ஒட்ட வைக்கும். எனவே தாமதமின்றி ஈரத்துணியாற் துடைத்து, நிழலிற் குறைந்தது ஒரு நாளாவது உலர விடுக. கடும் வெயிலில் வைத்தால் பிளாத்திக்கு வளையலாம்.

நினைவிற் கொள்க

• விலை வசதியைக் காட்டாது. விரலும் அடிமட்டமும் காட்டும்.
• விசைப்பலகை அனுப்புவது விசையின் எண்ணை, எழுத்தாக்குவது மென்பொருள்.
• சில விசைகள் ஒன்றாகச் செயலிழந்தால் கடத்திக் கோட்டையே சந்தேகிக்க.
• கொள்விலையுடன் மின்கலம், உத்தரவாதம், பயன்படும் காலம் என்பவற்றையும் சேர்த்துக் கணிக்க.

மாதிரி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. விசைப்பலகையில் ஓ, எல், முற்றுப்புள்ளி விசைகள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. மிகவும் சாத்தியமான காரணம்
(1) எழுத்துரு அழிந்தமை (2) கடத்திக் கோடு ஒன்று பழுதடைந்தமை (3) திரையின் பழுது (4) நினைவகம் போதாமை

2. ஆங்கில எழுத்துகள் மட்டும் அச்சிடப்பட்ட விசைப்பலகையில் தமிழைத் தட்டச்சுச் செய்ய அவசியமானது
(1) புதிய விசைப்பலகை (2) புதிய திரை (3) தமிழ் விசைப்பலகை அமைப்பைத் தரும் மென்பொருள் (4) இணைய இணைப்பு

3. ஒரு விசைப்பலகையில் கியூ, பீ விசைகளின் இடது ஓரங்களுக்கிடையிலான தூரம் 14.4 சென்ரிமீற்றர். அடுத்தடுத்த விசைகளுக்கிடையிலான தூரம்
(1) 14 மி.மீ. (2) 16 மி.மீ. (3) 19 மி.மீ. (4) 21 மி.மீ.

4. மணிக்கட்டு நேராக இருக்க உதவுவது
(1) பின்பக்கக் கால்களை நிமிர்த்தல் (2) மேசையை உயர்த்தல் (3) பின்பக்கக் கால்களை மடித்தல் (4) கதிரையைத் தாழ்த்தல்

பகுதி II – அமைப்புக் கட்டுரை

வல்வெட்டித்துறையிலுள்ள கடை ஒன்றில் நாள் முழுவதும் விலைகளையும் தொகைகளையும் கணினியில் உள்ளிடுகின்றனர். கடை உரிமையாளர் இடத்தை மீதப்படுத்த எண்பலகை இல்லாத சிறிய கம்பியில்லா விசைப்பலகையை வாங்க எண்ணுகிறார்.

(அ) இத்தெரிவிலுள்ள இரண்டு குறைபாடுகளைத் தருக.
(ஆ) பொருத்தமான விசைப்பலகையின் மூன்று இயல்புகளைக் காரணத்துடன் எழுதுக.
(இ) கடற்கரையோரக் கடையில் விசைப்பலகையைப் பேணும் இரண்டு வழிகளைக் கூறுக.

விடைகள்

பகுதி I: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (3)

3 ஆம் வினாவின் விளக்கம்: 144 ÷ 9 = 16 மி.மீ. இது 19 மி.மீ. இலும் குறைவு. விடையை 14 எனத் தெரிவு செய்யும் மாணவர் விசைத் தூரங்கள் ஒன்பது என்பதை மறந்து பத்தால் வகுத்தவராவார்.

பகுதி II:
(அ) எண்பலகை இன்மையால் எண்களை உள்ளிடுதல் மந்தமாகும். மின்கலம் தீர்ந்தால் வேலை தடைப்படும்.
(ஆ) தனியான எண்பலகை – ஒரு கையால் விரைவாக எண்களை உள்ளிடலாம். யூ.எஸ்.பி. வட இணைப்பு – மின்கலச் செலவில்லை. இலேசான, உடனே மேலெழும் விசைகள் – நாள் முழுவதும் பயன்படுத்தினாலும் விரல் களைப்புக் குறையும்.
(இ) கடை மூடும்போது உலர்ந்த பருத்தித் துணியால் மூடுதல். கிழமைதோறும் இணைப்பைக் கழற்றி உலர்ந்த தூரிகையால் துப்புரவு செய்தல்.

செயற்பாடு: உங்கள் வீட்டில் அல்லது பாடசாலைக் கணினி அறையிலுள்ள மூன்று விசைப்பலகைகளை மேற்கூறிய படிகள் 1 முதல் 6 வரை சோதித்து முடிவுகளை அட்டவணைப்படுத்துக. எது வசதியானது என்பதைத் தீர்மானித்த பின்னரே அவற்றின் விலைகளை ஆசிரியரிடம் கேட்டறிக. உங்கள் விரல்கள் தெரிவு செய்ததும் விலை கூடியதும் ஒன்றுதானா என ஒப்பிட்டுப் பார்க்க.